தாய்லாந்து–கம்போடியா: எல்லைப் பகையின் வேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் மோதிக்கொண்டபோது, கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோரின் காலத்திலிருந்தே தொடரும் பழம்பகை இது என்று பலரும் எழுதினார்கள். இரண்டுமே தேரவாத பௌத்த நாடுகள். சிதைந்த சில கோயில்களுக்காக இவர்கள் ஏன் சண்டையிட வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழைய தாய் அரசான அயுத்தயாவின் படைகள் 1431இல் அங்கோரைக் கைப்பற்றியதும், கம்போடியர்கள் அதை மறக்காததும் உண்மைதான். ஆனால் 2025இல் குண்டு விழுந்த இடங்களைத் தீர்மானித்தவை 1904க்கும் 1908க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் என்றே நான் கருதுகிறேன்.

கம்போடியா அப்போது பிரான்சின் ஆளுகையில் இருந்தது. டாங்ரெக் மலைத்தொடரில் மழைநீர் இருபுறமும் பிரிந்து வழியும் முகடே எல்லை என்றது, பிரான்சும் சயாமும் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) செய்துகொண்ட 1904ஆம் ஆண்டு ஒப்பந்தம். அதை அளந்து வரையும் பொறுப்பு பிரெஞ்சு அதிகாரிகளிடம் போயிற்று. பாரிஸில் அச்சாகி 1908இல் பாங்காக் வந்த வரைபடத்தில், பழைய கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர்கள் எழுப்பிய பிரெயா விஹார் சிவன் கோயில் கம்போடியப் பக்கம் இருந்தது. அக்கோயிலின் படிகள் வடக்கே தாய்லாந்திலிருந்து மெல்ல ஏறிச் செல்கின்றன. தெற்கே செங்குத்தான பாறை, அதற்குக் கீழே கம்போடியச் சமவெளி. அந்தப் பாறை விளிம்பே முகடு, ஆகவே கோயில் தங்களுடையது என்பது தாய்லாந்தின் பிற்கால வாதம்.

ஆனால் 1908இல் சயாம் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் தாம்ரோங், படங்களுக்கு நன்றி சொன்னதோடு, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப மேலும் 15 பிரதிகள் கேட்டார். 1930இல் அவர் அக்கோயிலுக்குச் சென்றபோது, பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி அவரை வரவேற்றார். இந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டே, சர்வதேச நீதிமன்றம் 1962இல் 9க்கு 3 என்ற பெரும்பான்மையில் கோயிலைக் கம்போடியாவுக்கு வழங்கியது.

சட்டப்படி அத்தீர்ப்பு சரியென்றே எனக்குப் படுகிறது. ஆயினும், 1893இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக் வரை வந்து மிரட்டியதையும், 1907இல் பட்டம்பாங், சியாம் ரீப் மாகாணங்களைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்ததையும் பள்ளியிலேயே படித்து வளரும் தாய்லாந்துக்காரருக்கு, அந்த மௌனம் அச்சத்தில் பிறந்ததாகவே தோன்றும். கம்போடியருக்கோ, ஜப்பானின் துணையோடு 1941இல் தாய்லாந்து அதே நிலங்களைப் பறித்து 1946 வரை வைத்திருந்தது கண்முன் நிற்கிறது. இருவருமே தங்களைப் பறிகொடுத்தவர்களாக எண்ணுகிறார்கள். சமரசம் பேசுவது கடினமாவது இதனால்தான்.

தீர்ப்பு ஒரு கோயிலோடு நின்றது. எல்லையின் மற்றப் பகுதிகளுக்குக் கம்போடியா அந்தப் பழைய 1:2,00,000 படங்களையும், தாய்லாந்து தன் 1:50,000 படத்தையும் நம்புகின்றன. முன்னதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 200 மீட்டர். ஒரு சிறு கோயில் வளாகம் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். எல்லையை அளந்து குறிக்க இரு நாடுகளும் 2000இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2025 ஜூலை 24 அன்று தா முயென் தோம் கோயிலருகே சண்டை வெடித்தபோதும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை.