உப்புப் பூத்த சுவருக்கு முன்னால் தகரச் சட்டம் அடிக்கலாமா?

கேள்வி: கோண்டாவிலில் அம்மம்மா காலத்துக் கல்வீடு. முன் அறைச் சுவரில் தரையிலிருந்து மூன்றடிக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. கனடாவில் தம்பி தன் வீட்டு பேஸ்மென்டில் தகரச் சட்டம் அடித்து ஜிப்சம் போர்ட் போட்டிருக்கிறான். 'உக்காது, கறையான் தின்னாது, அங்கேயும் அதையே அடி' என்கிறான். செய்யலாமா?

பதில்: தம்பி சொன்னதில் பிழையில்லை. துத்தநாகம் பூசிய சட்டத்தைக் கறையான் தொடாது, மரம்போல் முறுகவும் மாட்டாது. ஆனால் அவர் அடித்தது கொங்கிறீட் சுவருக்கு முன்னால். உங்களுடையது சுண்ணாம்புக்கல் சுவராகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு வைப்பது குறைவு. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறி, காய்கிற இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அதற்கு முன்னால் போர்டை அடித்து மூடினால் ஈரம் காய வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். போர்டின் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் துத்தநாகப் பூச்சும் நிற்காது; தரையோடு கிடக்கும் ட்ராக் (சட்டங்களின் கால் உட்காரும் தகரத் தவாளி) முதலில் துருப்பிடிக்கும்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். கார்த்திகை மழை பெய்யும் நாட்களில், ஒரு முழச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவ்வளவுதான்.

சுவரிலிருந்து என்றால், இடையில் யாரோ பூசிய சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசுவிக்கவும். அது ஈரத்தை வெளியே விடும். முற்றத்து மண் உள்தரையை விட உயர்ந்திருந்தால் வெட்டி இறக்குங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி போடுங்கள். பிறகு ஒரு மாரி பொறுங்கள்.

சுவர் காய்ந்த பின்னும் போர்ட் வேண்டுமென்றால் சட்டம் அடிக்கலாம். சுவரிலிருந்து ஓரங்குலம் தள்ளி நிற்கட்டும். சுவரில் ஆணி வேண்டாம், தரையிலும் மேலேயும் பிடித்தால் போதும். ட்ராக்குக்கு அடியில் ஒரு பொலித்தீன் பட்டை. சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று: நாலடி போர்டின் இரண்டு விளிம்பும் அப்போது சட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். போர்டைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடியுங்கள். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோமே, அதற்காக.

சட்டத்தைக் கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள், சூட்டில் துத்தநாகம் எரிந்துபோகும். தகரக் கத்தரியே போதும், கையுறை முக்கியம். வயர் போகும் துளைகளுக்குப் பிளாஸ்டிக் வளையம் போடாவிட்டால் தகர விளிம்பு வயரை அறுக்கும். சட்டத்துக்கு எர்த்தும் கொடுக்கச் சொல்லுங்கள். டிவி மாட்டும் இடத்தில் போர்டுக்குப் பின்னால் பிளைவுட் துண்டு வேண்டும்.

தம்பியிடம் காசு கேட்பதானால் முதலில் பீலிக்குக் கேளுங்கள்.