வீடியோக் கண்காட்சியில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வணக்கம் அண்ணா,

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பல நாட்டு வீடியோக் கலைஞர்களின் குழுக் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த இருட்டறைக்குள் நுழைந்தாலும் படம் பாதி ஓடியிருந்தது. ஒன்றையும் முழுதாகப் பார்க்கவில்லை. பெரியவன் ‘இதுக்கு யூடியூப்பே தேவலாம்’ என்றான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது அரைகுறை சினிமாவா, இல்லை ரசிக்கும் பக்குவம் எனக்குத்தான் இல்லையா?

– ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

பக்குவத்துக்கு என்ன குறைச்சல்? நேரம்தான் போதவில்லை, அதைக் கண்காட்சியை அமைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஜெர்மனியின் காசல் நகரில் 2002இல் நடந்த டாக்குமென்டா என்ற கலைக் கண்காட்சியில் இருந்த படங்களையும் வீடியோக்களையும் கூட்டினால் 600 மணி நேரத்துக்கு மேல் வந்தது. கண்காட்சி நடந்ததோ 100 நாள். தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் முடியாது! குழுக் கண்காட்சிகளுக்கு இந்த வியாதி இன்னும் தீரவில்லை. ஓவியம் என்றால் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம், வீடியோ நம் நேரத்தைக் கேட்கிறது, அதுவும் இருபது பேருடைய வீடியோ என்றால் யாரால் கொடுக்க முடியும்? எத்தனை நிமிடம் ஓடும் என்று வெளியே எழுதியிருந்தார்களா, உட்கார ஒரு பெஞ்சாவது போட்டிருந்தார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. பல இடங்களில் இரண்டுமே இருப்பதில்லை, பக்கத்து அறைச் சத்தம் மட்டும் தாராளமாக வந்துகொண்டிருக்கும்.

பாதியில் நுழைந்ததற்காக வருத்தப்படாதீர்கள். வீடியோக் கலைஞர் நாம் ஜூன் பைக்கின் ‘டிவி புத்தா’ (1974) என்ற படைப்பில் ஒரு புத்தர் சிலை, எதிரே ஒரு டிவி, சிலையை நேரடியாகப் படம்பிடிக்கும் ஒரு கேமரா, அவ்வளவுதான். புத்தர் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் ஆரம்பம் ஏது, முடிவு ஏது? விடிய விடிய நடக்கும் கூத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்து, நடுவிலேயே எழுந்து போகிறவர்களை யாரும் குறை சொல்வதில்லையே.

ஆனால் எல்லாமே அப்படி இல்லை. நம் சிங்கப்பூர்க் கலைஞர் மிங் வோங் 2009இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் சிறப்புப் பாராட்டுப் பெற்ற படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில், வெள்ளைக்காரியாக வேஷம்போட்டு வாழும் மகளைக் கறுப்பினத் தாய் கடைசியாகப் பார்க்க வரும் காட்சி. அதை மூன்று ஆண் நடிகர்கள் திரும்ப நடிக்கிறார்கள்: ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், ஓர் இந்தியர். ஷாட் மாறும்போதெல்லாம் ஆளும் மாறிவிடும். இவர்தான் தாய் என்று மனதில் பதிவதற்குள் அவரே மகளாகி நிற்கிறார். அடையாள அட்டையில் இனத்தை அச்சிடும் ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது எங்கோ சுருக்கென்று குத்துகிறது, ஆனால் அரை நிமிடம் நின்றுவிட்டுப் போகிறவருக்கு யாரோ ஆண்கள் பெண் வேஷத்தில் அழுகிறார்கள் என்று மட்டும்தான் தெரியும்.

உங்கள் மகனுக்குத் தாய்லாந்துக் கலைஞர் அராயா ராஸ்ட்ஜாம்ரியன்சுக்கின் வீடியோக்கள் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் மானே போன்றவர்களின் புகழ்பெற்ற ஓவியங்களின் நகல்களைத் திறந்தவெளியில் வைத்து, அவற்றின் முன்னால் கிராமத்து ஆட்களை உட்காரவைத்துப் படமெடுத்தார். நமக்குத் தெரிவது அவர்களுடைய முதுகு, கேட்பது வாய்க்கு வந்தபடி அவர்கள் பேசும் பேச்சு. அந்தப் பேச்சுதான் படைப்பே, உங்கள் பெரியவனின் யூடியூப் கமெண்டுக்கும் அங்கே தாராளமாக இடம் உண்டு.

அடுத்த முறை முதலில் எல்லா அறைகளையும் விறுவிறுவென்று ஒரு சுற்று பாருங்கள். அப்புறம் பிடித்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்கள் நுழைந்தபோது ஓடிய காட்சி திரும்ப வரும்வரை உட்காருங்கள். பிள்ளைகளுக்குச் சலித்தால் எழுந்து வந்துவிடுங்கள், தப்பே இல்லை. தேசிய அரும்பொருளகங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம்தானே, விட்டதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். காசு வாங்கும் கண்காட்சி என்றால், பெஞ்சு ஏன் போடவில்லை என்று கருத்துப் படிவத்தில் கொஞ்சம் காட்டமாகவே எழுதிவிட்டு வாருங்கள்.