வாசகர் கேள்வி பதில்: மகளின் முதல் ஓட்டு

போன இதழில் விலைவாசியைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்கள் அமெரிக்கா, இலங்கை, சிங்கப்பூர் என்று கடல் தாண்டிப் போய்விட்டன. செட்டிநாட்டுக்கு இது புதிதில்லை. நம் வீட்டுக்கு வரும் வரவை வேற்று நாட்டு அரசாங்கம் தீர்மானிப்பதை நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, என் மகள் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் பதினான்கு வருஷமாக இருக்கிறாள். இப்போது குடியுரிமை கிடைத்து உறுதிமொழியும் எடுத்துவிட்டாள், 2028 ஜனாதிபதி தேர்தலில்தான் முதல் ஓட்டு. அதற்குள் வீட்டில் சண்டை. மாப்பிள்ளை, வரியைக் குறைப்பவருக்குத்தான் போடணும் என்கிறார். மகள், முட்டை விலை, வாடகை, பிள்ளையைக் காப்பகத்தில் விடும் செலவு என்று புலம்புகிறாள். சின்னவன் இங்கே விசாவுக்காகக் காத்திருக்கிறான், அவனுக்கு வழிவிடுகிற ஆளுக்குப் போடு என்று நான் சொல்லப்போக, மூன்று நாள் போனை எடுக்கவில்லை. பொருளாதாரத்தைப் பார்த்து ஒரு ஜனாதிபதியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவள் அனுப்பும் பணத்துக்கும் வரி போட்டுவிட்டார்களாமே?
வாசகி, கோனாபட்டு

பதில்: ஆச்சி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2026 ஜனவரி 1 முதல் அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி உண்டு, ஆனால் ரொக்கமாகவோ, மணியார்டராகவோ, கேஷியர் காசோலை போன்றதாகவோ கொடுத்து அனுப்பினால்தான். வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் கிடையாது. உங்கள் மகள் கணக்கிலிருந்து அனுப்புகிறவள் என்றால் கவலையை விடுங்கள்.

சின்னவன் விஷயத்தில் உங்கள் தவிப்பு புரிகிறது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று ஜனாதிபதியின் ஒரே ஒரு பிரகடனத்தில் அறிவித்தபோது, நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தம்பிக்காகப் போடு என்று அக்காளிடம் சொல்லாதீர்கள். அவள் கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னது அந்த நாட்டுக்கு. அவள் பிள்ளை படிக்கப்போவது அங்கே உள்ள பள்ளியில். இதைச் சொல்வதால் என் மேல் கோபித்துக்கொண்டாலும் சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் இருபத்தெட்டு வருஷம் காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். எங்கள் ஐயா பர்மாவில் பெகு பக்கம் கடை வைத்திருந்தார், அவருடைய பேரேடு ஒன்று இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து மட்டும் மங்கவில்லை. 1930 வரைக்கும் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அசல், வட்டி, வரவு என்று வரிசையாக வரும். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து வரவுப் பத்தி வெறுமையாகப் போகிறது, பக்கத்தில் 'நிலம்', 'நிலம்' என்று ஒரே சொல். உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய குடியானவர்களால் கட்ட முடியவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதம். அந்த நிலத்தைச் சொத்து என்று ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கில், எழுதிவைத்தார்கள். 1948ல் பர்மா அரசாங்கம் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது, 1964ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. அந்த ஐந்தொகையில் இருந்ததெல்லாம் காகிதமாகிவிட்டது. வராத வரவை வரவு வைக்காதே என்று ஐயா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு வேட்பாளரின் வாக்குறுதியை நான் அந்தப் பேரேட்டைப் படிக்கிற மாதிரிதான் படிப்பேன். செலவுப் பத்தியில் எல்லோரும் தாராளமாக எழுதுவார்கள். வரியைக் குறைக்கிறேன், காப்பகச் செலவைப் பாதியாக்குகிறேன், வீடு கட்டித் தருகிறேன். வரவுப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2017ல் அங்கே நிறுவன வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைத்தார்கள். குறைத்தால் தொழில் பெருகி அந்த வளர்ச்சியே வரியை ஈடுகட்டிவிடும் என்று அப்போது சொல்லப்பட்டது, அந்த அளவுக்கு ஈடுகட்டவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு கட்சி ஆட்சியிலும் செலவு ஏறியது. 2024 முடிவில் அமெரிக்க அரசாங்கத்தின் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்கு இன்று மிச்சமாகிற வரியின் வட்டியைப் பேரப்பிள்ளை கட்டுவான்.

அடுத்தது, சொல்கிற காரியம் ஜனாதிபதி கையில் இருக்கிறதா என்பது. விசா கட்டணம் அவர் கையில் இருந்ததைப் பார்த்தோம். வரி விகிதமும் பட்ஜெட்டும் அங்கே காங்கிரஸ் கையில், அதாவது அவர்கள் நாடாளுமன்றத்தின் கையில். பெட்ரோல் விலை உலகச் சந்தையின் கையில். வட்டி, அங்கத்திய மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் கையில், அதன் தலைவரை நியமிப்பது மட்டும் ஜனாதிபதி, அதற்கும் காங்கிரஸின் மேல்சபையான செனட் சம்மதிக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது எளிதாகப் புரியும், ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் கூடி நடப்பு வட்டி நிர்ணயித்தபோது, கவர்னர் வந்து அங்கே உட்காரவில்லை.

இதில் பெரிய சங்கடம், பலன் தெரிய ஆகும் காலம். 1979ல் அப்போதைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், பால் வோல்க்கரை ஃபெடரல் ரிசர்வ் தலைவராகப் போட்டார். அடுத்த வருஷம் விலைவாசி ஏற்றம் 13 சதவீதத்துக்கு மேல். வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் வரைக்கும் ஏற்றினார். 1980 அக்டோபர் தேர்தல் விவாதத்தில், அவரை எதிர்த்து நின்ற ரீகன் மக்களைப் பார்த்து, நான்கு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார், கார்ட்டர் தோற்றார். 1982 கடைசியில் வேலையில்லாதவர்கள் 10.8 சதவீதம். அதற்கு அடுத்த வருஷம் விலைவாசி ஏற்றம் 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது, பெயர் ரீகனுக்குப் போனது. கசப்பு மருந்து கொடுக்க ஆள் வைத்தவர் ஒருவர், குணமானபோது நாற்காலியில் இருந்தவர் வேறொருவர். அதனால் இன்றைக்கு இருக்கிற நிலைமைக்கு இன்றைக்கு இருக்கிற ஆளைப் பாராட்டுவதற்கும் திட்டுவதற்கும் முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ரீகன் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது என்பது என் கருத்து.

மகளின் முட்டைப் புலம்பலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அதுதான் உண்மையான பொருளாதாரம். 2022 ஜூனில் அங்கே விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதம், நாற்பது வருஷத்தில் காணாதது. 2024 அக்டோபரில் அது 2.6 ஆகிவிட்டது. புள்ளிவிவரம் பார்த்தவர்கள் சரியாகிவிட்டது என்றார்கள், சாமான் வாங்கப் போனவர்கள் எங்கே சரியானது என்றார்கள். இரண்டும் உண்மை. 100 டாலர் சாமான் 109 ஆகி, அப்புறம் 112 ஆனால், ஏற்றத்தின் வேகம்தான் குறைந்தது, பழைய 100 திரும்பி வரவில்லை. விலையைப் பழைய இடத்துக்கே இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால், எப்படி என்று கேட்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு சாமானில் நடக்கும். மொத்தமாக விலை விழுவது 1930களில் நடந்தது, அதைத்தான் ஐயாவின் பேரேட்டில் பார்த்தோம்.

இறக்குமதி வரியையும் அவள் புரிந்துகொள்வது நல்லது. 2025 ஆகஸ்ட் கடைசியில் நம் நாட்டுச் சரக்குகள் பலவற்றுக்கும் 50 சதவீதம் போட்டார்கள். இந்தியா கட்டும் என்று அப்போது பேச்சு. அந்த 50 சதவீதம் இருந்தபோது திருப்பூரிலிருந்து 10 டாலருக்கு ஒரு சட்டை போனது என்று வையுங்கள். துறைமுகத்தில் அந்த 5 டாலரைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். அவர் திருப்பூருக்குப் போன் போட்டு விலையைக் குறை என்பார், தன் லாபத்தில் கொஞ்சம் விடுவார், மீதியைச் சட்டையின் விலையில் ஏற்றுவார். இங்கே நம் பக்கத்துப் பையன் ஷிஃப்ட் இழக்கிறான், அங்கே உங்கள் மகள் கூடுதலாகக் கொடுக்கிறாள். உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற ஒரு நாடு வரி போடுவதில் தப்பே இல்லை, நாமும் போடுகிறோம். ஆனால் செலவே இல்லாமல் வருமானம் வரும் என்று ஒருவர் சொன்னால் அது வராத வரவு.

மகளிடம் இரண்டு காரியம் சொல்லுங்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் பென்சில்வேனியாவில் வழக்கமாக ஏப்ரலில் வரும், அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் அதில் போடலாம். நவம்பர் வரைக்கும் காத்திருந்தால் மற்றவர்கள் பொறுக்கி வைத்ததிலிருந்துதான் அவள் பொறுக்க வேண்டும். அப்புறம், 2028 நவம்பர் 7 அன்று அதே சீட்டில் காங்கிரஸ் வேட்பாளர் பெயரும் இருக்கும். வரி பற்றி அவளுக்குக் கவலை என்றால் அந்தப் பெயரையும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும். அங்கே ஜனாதிபதியை முடிவில் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் தேர்வாளர்கள், அந்த 538 தேர்வாளர் ஓட்டில் அவள் மாநிலத்துக்கு 19 உண்டு, கடைசி வரைக்கும் இழுபறியாக இருக்கும் மாநிலம் அது. ஆச்சி, அவளைக் கூப்பிட்டு யாருக்குப் போடுவாய் என்று கேட்காமல், உன் மாதச் செலவில் எது உன்னை அழுத்துகிறது என்று மட்டும் கேளுங்கள். அவள் பேசுவாள்.

கேள்வி: நம் ஜனாதிபதியையும் பொருளாதாரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே?
வாசகர், பள்ளத்தூர்

பதில்: நமக்கு நேரடி ஓட்டு இல்லை, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176, 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி. ஆர்.வெங்கட்ராமன், பிரணாப் முகர்ஜி இருவரும் நிதி அமைச்சராக இருந்து ஜனாதிபதி ஆனவர்கள், ஆனாலும் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு பட்ஜெட் போட முடியாது. உங்கள் பொருளாதாரக் கவலையை எம்.பி. தேர்தலுக்கு எடுத்துவையுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான், அவர்கள் ஜனாதிபதி கஜானாவுக்குக் காவல் என்கிறார். மெய்யா?
வாசகர், காரைக்குடி

பதில்: மெய்தான். நம் வீடுகளில் இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பெட்டகம் இருக்குமே, அது மாதிரி. அரசாங்கம் முன்பு சேர்த்துவைத்த கையிருப்பைத் தொட வேண்டும் என்றால் ஜனாதிபதி சம்மதிக்க வேண்டும். 2009ல் உலக நெருக்கடியின்போது எஸ்.ஆர்.நாதன் 490 கோடி சிங்கப்பூர் டாலர் எடுக்கச் சம்மதித்தார். 2023 செப்டம்பர் 1 அன்று 70.4 சதவீத ஓட்டில் வென்ற தர்மன் சண்முகரத்தினம் பல வருஷம் நிதி அமைச்சராக இருந்தவர். சாவிக்காரருக்குக் கணக்குத் தெரிந்திருப்பது நல்லது என்பேன்.

கேள்வி: எங்கள் பெரியப்பா மகன் கொழும்பு செட்டியார் தெருவில் கடை வைத்திருக்கிறார். 2019ல் வரியைக் குறைப்பார்கள் என்று நம்பி ஓட்டுப் போட்டவர். இப்போது அரசியல் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். வரியைக் குறைக்கிறேன் என்றவரை நம்பியது அவர் தப்பா?
வாசகர், தேவகோட்டை

பதில்: தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை தம்பி. கடை வைத்திருக்கிற யாருக்கும் வரி குறையும் என்றால் காது நீளும். அந்த நவம்பரில் கோத்தபய ராஜபக்ச வென்றார், டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரி 15லிருந்து 8 ஆனது. வாக்கைக் காப்பாற்றினார்தான். வரவுப் பத்தி என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. அரசாங்க வருமானம் சரிந்தது, கொரோனாவில் சுற்றுலா நின்றது, 2021ல் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டு விளைச்சலைக் கெடுத்தார்கள், டாலர் தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பெட்ரோல் வரிசையில் ராத்திரி முழுக்க நின்றவர்களில் உங்கள் அண்ணனும் இருந்திருப்பார். 2024 ஜனவரியில் அதே வரி 18 ஆனது. 8 என்று கொடுத்ததை 18 என்று திருப்பி வாங்கினார்கள்.

ஆனால் அதே மக்கள் 2024 செப்டம்பரில் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) ஒத்துக்கொண்ட சுமார் 300 கோடி டாலர் கடனும் அதன் நிபந்தனைகளும்தான் பிரசாரத்தில் முன்னால் நின்றன. சுமையை யார் மேல் எவ்வளவு வைப்பது என்று வேட்பாளர்கள் வெளிப்படையாக வாதாட வேண்டியிருந்தது. வென்ற அனுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம்தான் வாங்கினார், பாதி தாண்டாததால் அந்த நாட்டு ஜனாதிபதி தேர்தலில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு ஓட்டுகளை எண்ணினார்கள். அங்கே சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேர் வரைக்கும் விருப்பம் குறிக்கலாம்.

உங்கள் அண்ணன் எழுந்து போகும்போது பின்னாலேயே போய், அந்தச் சீட்டில் 2 என்று யாருக்குப் போட்டீர்கள், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். முதல் எண்ணைக் கோபத்தில் போட்டிருக்கலாம், இரண்டாவதை யோசித்துத்தான் போட்டிருப்பார். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.