கர்ப்பப்பையை எடுக்காமல் அதிக உதிரப்போக்கைச் சரிசெய்ய முடியுமா?

46 வயது, மணிக்கொரு நாப்கின் நனைகிறது, கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் முதலில் காரணம் தெரிய வேண்டும்: ஸ்கேன், ரத்தசோகைப் பரிசோதனை, உங்கள் வயதில் கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும். பயாப்ஸியைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

பாலிப்போ (உள்சவ்வில் வளரும் சிறு சதை) உட்பக்கம் துருத்தும் சிறு நார்க்கட்டியோ இருந்தால் ஹிஸ்டெரோஸ்கோப்பியில், அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, வயிற்றில் வெட்டே இல்லாமல் நீக்கலாம். கட்டி எதுவும் இல்லையென்றால் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் லூப்பைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். பார்க்கக் காப்பர்-டி மாதிரி இருக்கும், வேலை நேரெதிர்: காப்பர்-டி உதிரப்போக்கைக் கூட்டலாம், இதிலுள்ள 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் மெல்லக் கசிந்து உள்சவ்வை மெலிய வைக்கும். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாகப் படும். அதற்குப் பயந்து எடுத்துவிடாதீர்கள், ஆறு மாதம் பொறுங்கள்.

அதுவும் ஒத்துவராவிட்டால் அப்லேஷன்: சூடான பலூனாலோ ரேடியோ அலையாலோ உள்சவ்வைச் சுட்டுவிடுவது. சுடுவதற்குச் சில நிமிடங்களே ஆகும், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சிலருக்கு மாதவிடாய் அடியோடு நிற்கும், பலருக்குக் குறையும். ஆனால் இது கருத்தடை அல்ல! பிறகு கரு தங்கினால் ஆபத்து, அதனால் கருத்தடை தனியாக வேண்டும்.

பெரிய நார்க்கட்டி என்றால், தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் பற்றியும் கேளுங்கள்.