எப்சம் உப்பு: காலுக்கும் முகத்துக்கும் முடிக்கும் நல்லதா?

கேள்வி: எனக்கு 41 வயது. நாள் முழுவதும் நின்றபடி செய்யும் வேலை. இரவில் எப்சம் உப்பு கலந்த வெந்நீரில் காலை ஊறவைக்கிறேன், இதமாக இருக்கிறது. ஆனால் குதிகால் வெடிப்பு மட்டும் குறையவில்லை. அதே உப்பால் முகத்தைத் தேய்த்தால் பரு போகும், கண்டிஷனரில் கலந்து பூசினால் முடி அடர்த்தியாகும் என்கிறார்கள். செய்யலாமா? என் அம்மாவுக்கு 67 வயது. நீண்டகாலமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவரும் என்னுடன் காலை ஊறவைக்கிறார். மலச்சிக்கலுக்காக அவ்வப்போது ஒரு ஸ்பூன் எப்சம் உப்பைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறார்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன். அம்மா காலை ஊறவைப்பதையும் அந்த உப்பைக் குடிப்பதையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடிக்கும்போது பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல உணர்வை இழக்கக்கூடும். உங்கள் காலைச் சுடும் நீர் அம்மாவுக்கு வெதுவெதுப்பாகத் தோன்றலாம்; கொப்புளம் கிளம்பிய பிறகே காயம் தெரியவரும். நீரின் சூடு சரியாகவே இருந்தாலும், நெடுநேரம் ஊறிய தோல் விரலிடுக்குகளில் வெளுத்து நைந்துபோகும். குதிகாலில் அதே தோல் காய்ந்ததும் முன்னிலும் வறண்டு வெடிக்கும். இரண்டுமே கிருமி நுழையும் வாசல்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் சிறு புண் ஆறவே வாரக்கணக்கில் ஆகலாம். கவனிக்காமல் விட்டால் விரலை எடுக்க வேண்டிய நிலைவரை போய்விடுவதும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் காலை ஊறவைக்கவே கூடாது என்று மருத்துவர்களாகிய நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். அதில் உப்பு கலந்திருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம்.

அம்மாவின் பாதங்களைத் தினமும் வெதுவெதுப்பான நீரில் சோப்பிட்டுக் கழுவினால் போதும். நீரின் சூட்டை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். கழுவியதும் விரலிடுக்குகளை ஈரமின்றி ஒற்றியெடுத்து, பாதத்தின் மேலும் கீழும் ஈரப்பதம் காக்கும் கிரீமைப் பூசுங்கள், விரலிடுக்கில் வேண்டாம். பூசும்போதே உள்ளங்காலையும் பார்த்துவிடுங்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாத இடம் அது. சிவப்பு, கொப்புளம், கசிவு, நிறமாற்றம் எது தெரிந்தாலும் ஆறட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி, குடிப்பது. எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எப்சம் ஊரிலிருந்த கசப்பு நீரூற்றால் பெயர் பெற்றது. அந்நாளிலேயே பேதி மருந்தாகத்தான் புகழ் பெற்றது. குடலுக்குள் நீரை இழுத்துக்கொண்டு மலத்தை இளக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் ஒரு பங்கு மெக்னீசியம் இரத்தத்திலும் கலக்கிறது. அதை வெளியேற்றுவது சிறுநீரகம். நெடுநாள் சர்க்கரை நோயில் சிறுநீரகம் வெளியே தெரியாமலேயே தளர்ந்திருக்கலாம். அப்போது மெக்னீசியம் உடலில் தேங்கி, குமட்டல், தூக்கக் கலக்கம், தசைத் தளர்ச்சி, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று போய், முற்றினால் மூச்சையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும்.

கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும்போது இதே மெக்னீசியம் சல்பேட்டைத்தான் மருத்துவமனையில் ஊசியாகச் செலுத்துகிறோம். உயிர் காக்கும் மருந்து. ஆனாலும் முழங்காலைத் தட்டி அனிச்சைச் செயலைச் சோதித்து, மூச்சை எண்ணி, சிறுநீரின் அளவைக் குறித்துக்கொண்டேதான் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட பொருளை ஸ்பூன் கணக்கில் வீட்டில் குடிக்கலாம் என்று அறிவுரை சொல்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. உடலின் நச்சை நீக்கும், பித்தப்பைக் கற்களைக் கரைத்து வெளியேற்றும் என்ற பேச்சுகளையும் நம்ப வேண்டாம். அம்மாவின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் பரிசோதியுங்கள். மலச்சிக்கலுக்குப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ஏதாவது மலச்சிக்கலை உண்டாக்குகிறதா என்றும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சர்க்கரை நோயோ, காலில் புண்ணோ, இரத்த ஓட்டக் குறைவோ இல்லையென்றால் தாராளமாக ஊறவையுங்கள். நான்கைந்து லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு அரைக் கோப்பை உப்பு, 15 நிமிடம் போதும். வலி தணிவதற்குக் காரணம் பெரும்பாலும் வெப்பமும் ஓய்வும்தான். தோலின் மேலடுக்கு இறந்த செல்களும் கொழுப்பும் நெருக்கமாக அடுக்கிய சுவர். நீரில் கரைந்த மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவில் அதைக் கடந்து தசைக்குப் போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வெறும் வெந்நீரிலும் இதே சுகம் கிடைக்கலாம். கால் கனம் மாலைதோறும் வீக்கமாக மாறினால் உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஊறவைத்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள், இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்திருக்கலாம்.

வெடிப்பு ஏன் குறையவில்லை என்றால், ஊறவைத்ததோடு நிறுத்திவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மென்மையாகிவிட்ட அந்தத் தோல் சில நிமிடங்களில் நீரை இழக்கத் தொடங்கிவிடும். காலைத் துடைத்த கையோடு யூரியா கலந்த கிரீமைத் தடவுங்கள். தடித்த தோலுக்கு 20 முதல் 25 சதவீதம் வரை யூரியா உள்ளது ஏற்றது. அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி பூசி, பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஊறவைத்தால் போதும். கிரீமைத் தினமும் போட வேண்டும். இரத்தம் கசியும் ஆழமான வெடிப்பு இருந்தால் அது மூடும்வரை ஊறவைக்காதீர்கள். விரலிடுக்கில் அரிப்பும் தோலுரிதலும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதை உப்பு குணப்படுத்தாது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும்.

முகத்துக்கு வேண்டாம். முனைகள் கூரான படிகங்கள் அவை. பருக்களின்மேல் தேய்த்தால் வீக்கம் கூடும், கீறல் விழும். மாநிற, கருநிறத் தோலில் அந்தக் கீறலும் வீக்கமும் ஆறிய பிறகு கருந்தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். போக்க நினைத்ததைவிடப் பெரிய கறை அது. பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற நல்ல மருந்துகள் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தோல் மருத்துவர் சொல்வார். கர்ப்பம் தரிக்கும் திட்டம் இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அடாபலீன் அப்போது கூடாது. முழங்கை, முழங்கால் போன்ற தடித்த இடங்களில் எண்ணெயில் குழைத்து மெதுவாகத் தேய்ப்பதில் தவறில்லை.

கண்டிஷனரில் கலந்தால், முடிமேல் படியும் உப்பு இழைகளைச் சற்றுச் சொரசொரப்பாக்குகிறது. அதனால் ஒரு நாளைக்கு அடர்த்தியாகத் தோன்றலாம். புதிதாக ஒரு முடியும் முளைக்காது. வறண்ட முடிக்கும் சாயமிட்ட முடிக்கும் இது வேண்டாத வேலை. முடி உண்மையிலேயே கொட்டுகிறதென்றால், உங்கள் வயதில் இரத்தசோகையையும் தைராய்டையும் பரிசோதித்துப் பார்ப்பதே முதல் படி.