மயங்கி விழ மாட்டீர்கள். மாத்திரையை மட்டும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. நாலு வருடமாகப் படபடப்பு. திடீரென்று நெஞ்சு அடைக்கும், விரல் மரத்துப்போகும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். ஈசிஜி மூன்று முறை, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் நார்மல். மனைவிக்கு மில்லில் நைட் ஷிப்ட். 7 வயது, 4 வயதுப் பிள்ளைகளோடு தனியாக இருக்கும்போது நான் மயங்கி விழுந்தால்? காலையில் ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது வந்தால்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அல்பிரசோலம் 0.25 இரவு ஒன்று ஆரம்பித்தேன். பத்து மாதத்தில் 0.5 காலை ஒன்று, இரவு ஒன்று என்றாகிவிட்டது. இப்போது விடியும்போதே கை நடுங்குகிறது. ஒன்றாம் தேதியிலிருந்து அடியோடு நிறுத்தப்போகிறேன். மக்னீசியம் குறைவு என்று நெட்டில் படித்தேன், அது போடலாமா? பிள்ளைகளுக்கும் இது வருமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: ஒன்றாம் தேதித் திட்டத்தைக் கைவிடுங்கள். நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் பீதி, போலத்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது நெஞ்சு அல்ல, அந்த விடியற்காலை நடுக்கம்.

அல்பிரசோலம் பதற்றத்தைத் தணிக்கும், ஆனால் உடம்பைப் பழக்கிவிடும் மாத்திரை. இரவு போட்டது விடிவதற்குள் உடம்பில் கணிசமாகக் குறைந்திருக்கும். மூளை அடுத்த மாத்திரையைக் கேட்கிறது. நடுக்கம் அதனால்தான். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டியிருக்கிறீர்கள். கூட்டக் கூட்ட இந்த இடைவெளித் தவிப்பும் கூடும். பத்து மாதம் தினமும் 1 மில்லிகிராம் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். நீங்கள் பயப்படும் காட்சி, பிள்ளைகள் எதிரில் அப்பா சுருண்டு விழுவது, உண்மையில் நடக்க ஒரு வழி இருக்கிறதென்றால் அது இதுதான்.

மனநல மருத்துவர் இதைப் படிப்படியாக இறக்குவார். பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.125, அதாவது 0.5 மாத்திரையில் கால் பங்கு, குறைப்பது வழக்கம். நாலு மாதம் பிடிக்கலாம். சிலருக்கு உடம்பில் நீண்ட நேரம் தங்கும் வேறு மருந்துக்கு மாற்றி இறக்குவார்கள். அதுவரை உங்கள் வேளை மாத்திரையைத் தவறவிடாதீர்கள், கூட்டவும் வேண்டாம். மதுவோடு சேர்த்துப் போடவே கூடாது. இடையில் மாத்திரை கிடைக்காமல்போய் உடம்பு முழுக்க நடுக்கம், குழப்பம், இல்லாதது தெரிவது, வலிப்பு என்று எது வந்தாலும் 108.

இந்த மருந்து 2014 முதல் அட்டவணை எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்திருக்கும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. உங்கள் கடைக்காரர் செய்தது உபகாரம் அல்ல.

மயக்கத்துக்கு வருவோம். மயங்கி விழ ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பேனிக் அட்டாக்கில் அது ஏறுகிறது. தலை கிறுகிறுக்கும், கால் தளரும், ஆனால் விழ மாட்டீர்கள். நாலு வருடத்தில் எத்தனை முறை வந்தது, எத்தனை முறை விழுந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்கூட்டரில் உண்மையான ஆபத்து, அதற்கு முன் போடும் காலை மாத்திரை. அது தூக்கத்தையும் மந்தத்தையும் தரும், பிரேக் பிடிக்கும் கை தாமதிக்கும். மருத்துவரைப் பார்க்கும்வரை ஸ்கூட்டர் வேண்டாம். நடந்தோ பஸ்ஸிலோ போங்கள். ஆனால் கூட்டிப்போவது நீங்களாகவே இருக்கட்டும். அந்த வேலையை வேறொருவர் தலையில் கட்டினால் பயம் இன்னும் ஓர் அடி உள்ளே வரும்.

வரும்போது என்ன செய்வது? இருக்கும் இடத்திலேயே இருங்கள். வயிற்றில் கை வைத்து, மூக்கால் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம். விரல் மரப்பது வேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை அதிகம் வெளியேற்றுவதால். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் யூடியூப் வித்தை வேண்டாம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரை மணிக்குள் இறங்கிவிடும். நாடி பார்ப்பது, ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுவது இரண்டையும் நிறுத்துங்கள். 98 என்று காட்டினாலும் அடுத்த நிமிடம் மறுபடி பார்ப்பீர்கள்.

மக்னீசியம் தேவையில்லை. நாலாவது ஈசிஜியும் வேண்டாம்; படி ஏறும்போது வலித்து, நின்றால் குறைந்தாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ மட்டும் உடனே ஓடுங்கள். தைராய்டும் ரத்தசோகையும் பார்க்காமலிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டீ எத்தனை என்று எழுதவில்லை. கம்பெனி வாசல் டீயையும் சேர்த்து எண்ணி, இரண்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இதற்கான முறையான மருந்து வேறு. எஸ்சிடலோபிராம் போன்றவற்றை 5 மில்லிகிராமில் தொடங்கி 10-க்கு ஏற்றுவார்கள். முதல் இரண்டு வாரம் படபடப்பு சற்றுக் கூடும். நிறையப் பேர் நாலாம் நாளே தூக்கிப் போட்டுவிட்டு "ஒத்துக்கொள்ளவில்லை" என்பது இதனால்தான். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அல்பிரசோலம் போல அளவு கேட்டு ஏங்க வைக்காது; ஆனால் இதையும் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கூடவே சிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சை. அதில் சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றவிட்டு, ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்லி, அந்தக் கிறுகிறுப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். ஆபத்தில்லை என்று உடம்பே கற்றுக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு வருமா? சுபாவத்தில் கொஞ்சம் இறங்கலாம்; வரும் என்று விதியில்லை. அப்பா எதையெல்லாம் தவிர்க்கிறார் என்பதைப் பார்த்து அவர்களும் தவிர்க்கக் கற்பார்கள் என்பதும் ஒரு பங்கு. கதவைச் சாத்திக்கொண்டு ஒளியாதீர்கள், அவர்கள் அதைவிட மோசமாகக் கற்பனை செய்வார்கள். "அப்பாவுக்குப் படபடப்பு வந்திருக்கு, கொஞ்ச நேரத்துல போயிடும், உன்னால வரல" என்று பெரியவனிடம் சொன்னால் போதும். சின்னவருக்கு மடியும் ஒரு பொம்மையும் போதும். ஆனால் 7 வயதுப் பிள்ளையை மாத்திரை எடுத்துவர, பக்கத்தில் காவல் இருக்க வைக்காதீர்கள்.

அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. இரவில் தனியாகத் தவித்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைக்குப் போகும்போது காலி மாத்திரை அட்டைகளை எடுத்துப்போங்கள். ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை என்பதைக் கூச்சப்பட்டுக் குறைக்காமல் சொல்லுங்கள்; இறக்கும் கணக்கு அந்த எண்ணில்தான் தொடங்கும்.