லாரி ஓட்டுநருக்குக் களி மட்டும் போதுமா?

கேள்வி: என் கணவர் லாரியில் மாங்கூழ் ஏற்றிக்கொண்டு வடமாநிலங்களுக்குச் செல்பவர். வழியில் தாபா சாப்பாடுதான். அண்மையில் சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார். கேழ்வரகுக் களி கட்டிக் கொடுத்தால் போதுமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கேழ்வரகு நல்லதுதான், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதுவும் மாவுச்சத்து என்பதால், பெரிய உருண்டைகளாக உண்டால் சர்க்கரை ஏறவே செய்யும். சிறிய உருண்டை ஒன்றுக்குக் கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ தாராளமாக வையுங்கள். அது முதல் வேளைக்குத்தான் தாங்கும். பிறகு தாபாவில் வெண்ணெய் தடவாத ரொட்டி, பருப்பு, முட்டை, வெள்ளரி என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

களியைவிட எனக்குக் கவலை தருவது மாத்திரைதான். சில வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால், சர்க்கரை திடீரென இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும். தொப்பூர் போன்ற இறக்கத்தில் முழுச் சுமையுடன் அப்படி நேர்வதை நினைக்கவே அச்சமாக உள்ளது. தம் தொழில் இன்னதென்று அவர் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். நடுக்கம் தெரிந்தவுடன் வண்டியை ஓரங்கட்டி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடிக்கட்டும். தெளிந்த பின் ஏதாவது சாப்பிட்டு, நன்றாக ஓய்ந்த பிறகே ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்.

தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்திருந்தது. அந்த நேரத்தில் படுப்பதற்கு முன் பத்து நிமிடம் வேகமாக நடக்கச் சொல்லுங்கள்.